ஓனரம்மா இருக்கும் ரூம்

இந்தப் பக்கமா வாங்கக்கா. முன்வாசல் வேணாம், அது சாவித்திரி அக்கா போர்ஷன். அவங்க போட்ட கோலத்தை யாராச்சும் மிதிச்சுட்டா அன்னைக்குப் பூரா சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பாங்க. மதிலை ஒட்டினாப்ல அப்படியே பின்னாடி வாங்க. பைக்கு நிக்குது, சேலை மாட்டிக்கப் போவுது. குனிஞ்சுக்கங்க, மாடிப்படிக்கு அடியில வர்றோம். ஆங், இதான் ரூம்.

உக்காருங்க. அந்த ஸ்டூல்லயே உக்காருங்க, நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். நான் கீழ உக்காந்துக்கறேன். இந்த ஜாக்கெட்டுக்கெல்லாம் ஹூக் வெச்சு முடிக்கணும், டெய்லர் கடைக்காரர் சாயங்காலம் வந்துடுவாரு. கை பாட்டுக்கு வேலை செய்யும், நீங்க கேளுங்க.

ரூம் வாடகைக்குன்னு மாட்டின போர்டைப் பார்த்துட்டா வந்தீங்க? அது எப்படிக்கா உங்க கண்ணுல பட்டுச்சு? வேப்பமரத்துக்குப் பின்னாடில்ல கட்டியிருக்கேன். பெரியவர் என்னவோ கேட்டுலதான் மாட்டச் சொன்னாரு. வெயில்ல எழுத்து அழிஞ்சுடுமேன்னு நான்தான் மரத்துப் பக்கம் நிழலாக் கட்டி வெச்சேன்.

ஓனரா? நான்தான்க்கா ஓனர்.

சிரிக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான், என்னைப் பார்த்துட்டு ஓனரம்மாவைக் கூப்பிடும்மாங்கறாங்க. நெசமாவே பத்திரம் என் பேர்லதான் இருக்கு. மலர்க்கொடின்னு. எனக்குக் கல்யாணத்துல போட்ட நகையை வித்துத்தான் இந்த மனையே வாங்கினாங்க. எங்கப்பா யார்கிட்டயும் வாயைத் திறந்து ஒண்ணு கேக்காத மனுசன். அன்னைக்கு மட்டும் சம்பந்தி வீட்டுல எழுந்து நின்னு, "நகை எம்பொண்ணுதுங்க, பத்திரமும் அது பேர்லயே இருந்துட்டுப் போவட்டும்"னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு உக்காரக்கூடத் தெரியலை அவருக்கு, நின்னுக்கிட்டே இருந்தாரு. பெரியவருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. பெரியவர்னா யாழினி அப்பாவோட அண்ணன். யாழினி எம்பொண்ணு, ஒண்ணாப்பு படிக்குது. ஆனாலும் பெரியவர் ஒத்துக்கிட்டாரு. பெரிய மனசு அவருக்கு. வேற யாராச்சும்னா ஒத்துக்குவாங்களா, சொல்லுங்க.

ரூமைப் பாருங்க. நல்லாப் பாருங்க. நான் உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன், அப்புறம் வந்து இருந்துட்டு என்னைத் திட்டக் கூடாது. இந்தச் செவுரு மழை வந்தா ஓதம் அடிக்கும், கையை வெச்சா ஈரம் ஒட்டும். வெளிச்சம் இவ்வளவுதான், பகல்லயும் லைட்டுப் போட்டாகணும். பாத்ரூம் வெளிய, படிக்கு அடியில, பாதிக்கு மேல நிமிர முடியாது. பூரான் வரும். அடிக்கடி வராது, ஆனா வரும்.

பரவாயில்லையா?

சரி.

தண்ணியா? தண்ணிக்குக் கொறை இல்லக்கா, போர் இருக்கு. ஆனா மோட்டார் சுவிட்ச் சாவித்திரி அக்கா அடுப்படியில இருக்கு. அங்க சீரியல் ஓடிச்சுன்னா கதவைத் தட்ட முடியாது. நான் வெளிய நின்னு செருமுவேன். அவங்களுக்கா மனசு வந்து "என்ன ஓனரம்மா, தண்ணியா?"ன்னு கேட்டா, "ஆமாக்கா, முடிஞ்சாப் போடுங்க"ம்பேன். போடுவாங்க. நல்லவங்கதான். என்னைக்காச்சும் மறந்துடுவாங்க.

நீங்க வந்தா நாங்க எங்க போவோம்னா கேக்கறீங்க?

இதை யாரும் கேக்கலைக்கா இதுவரைக்கும். வந்தவங்க எல்லாரும் பரண் இருக்கா, செல்ப் இருக்கான்னு மேலயே பார்த்துட்டுப் போனாங்க. பாயும் பாப்பா புஸ்தகப் பையும் கீழ கெடந்துச்சு, பார்க்கலை.

நாங்க ஊருக்குப் போறோம். முசிறி தாண்டி உள்ள போகணும். மாமியாருக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்த படுக்கையா இருக்காங்க. பெரியவர் வீட்டுலதான் இருக்காங்க. எங்க ஓரகத்திக்கு அவங்களைத் தூக்கி எடுக்க முடியலை, அவங்களுக்கே முதுகுவலி. "கொடி அங்க சும்மாதானே இருக்கா"ன்னு அவங்க சொன்னாங்களாம். பெரியவரு போன் பண்ணி, "ஏம்மா, நீயும் புள்ளையும் இங்க வந்துட்டா அம்மாவுக்கும் ஒத்தாசை, அந்த ரூமும் நாலு காசு குடுக்கும். ஆனி முடியறதுக்குள்ள ஒரு ஆளைப் பார்த்து வெச்சுட்டுக் கெளம்பி வந்துடு. ஆடி பொறந்துட்டா எவனும் குடிவர மாட்டான்"னாரு. யாழினி அப்பாகிட்ட சொன்னேன். அவங்க கத்தார்ல ஏசி மெக்கானிக். "அண்ணன் சொல்றது சரிதானே"ன்னாங்க. சரிதான். நான் தப்புன்னு சொல்லலையே.

பாப்பா பள்ளிக்கூடம்தான். இங்கதான்க்கா, ரெண்டு தெரு தள்ளி. அது யார்கிட்டயும் பேசாது. என்னை மாதிரியே. போன வருசமெல்லாம் வகுப்புல ஒன்னுக்கு வருதுன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நனைச்சுட்டு வரும். இந்த வருசம் ஒரு டீச்சர் வந்திருக்காங்க, என்ன பண்ணினாங்களோ தெரியலை, காலையில கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி நின்னு குறள் சொல்லுதாம். எம்பொண்ணு! நான் போய் மதில் ஓரமா நின்னு பார்த்தேன். கையைக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கணீர்னு சொல்லுது. இங்கேருந்து எடுத்துட்டா மறுபடி வாயை மூடிக்கும்க்கா. எனக்குத் தெரியும் அது. நானும் ஏழாவது படிக்கறப்போ அத்தைக்குப் பிரசவம், ஒரு மாசம் கூடமாட இருந்துட்டு வான்னு அனுப்பினாங்க. திரும்பி வந்தப்போ பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துட்டாங்க. யாரும் வேணும்னு பண்ணலை. பிள்ளை பொறந்தா கையாள் வேணும்ல.

அய்யோ, நான் பாட்டுக்குப் பேசறேன் பாருங்க. நான் இவ்வளவு பேசறவளே இல்லக்கா. நீங்க தலையாட்டிக்கிட்டே கேக்கறீங்களா, வந்துடுது.

அந்தச் செவுத்துல என்னவோ கதவு மாதிரி தெரியுதேன்னு பார்க்கறீங்களா? கதவுதான். அந்தாண்ட அடுப்படி. நான் சமைச்ச அடுப்படி. வீடு கட்டினப்போ முன்னாடி ஹாலு, ரூமு, அடுப்படி எல்லாத்துலயும் நாங்கதான் இருந்தோம். மாடியை மட்டும் பேங்க்ல வேலை பார்க்கற ஒருத்தருக்கு விட்டிருந்தோம். ஒருநாள் யாழினி அப்பா போன்ல "என்ன பண்றீங்க?"ன்னாங்க. "ஹால்ல உக்காந்து டிவி பார்க்கறோம்"னேன். "டிவி பார்க்க எதுக்கு அவ்வளவு பெரிய ஹாலு? நான் இங்க ஒரு ரூம்ல ஆறு பேரோட படுத்துக்கெடக்கேன்"னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆமால்ல? அந்த மனுசன் அங்க அப்படிக் கெடக்கறப்போ எனக்கு எதுக்கு ஹாலு? நானேதான் சொன்னேன், முன்பக்கத்தை விட்டுடலாம்னு. அவங்க சொல்லலை. நானாத்தான் சொன்னேன்.

சாவித்திரி அக்கா வந்தாங்க. கரண்ட் ஆபீஸ் குடும்பம். பால் காய்ச்சறதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நான் போய் என் வீட்டு ஹால்ல, சேலையை இழுத்து விட்டுக்கிட்டு, விருந்தாளி மாதிரி நின்னுட்டு வந்தேன். மறுநாளு கொத்தனார் வந்து இந்தக் கதவைக் கல்லு வெச்சு அடைச்சாரு. "எந்தப் பக்கம் நிக்கறேன்னு பார்த்துக்க தாயி, பூசிட்டா அப்புறம் சுத்தித்தான் வரணும்"னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். 

இப்பவும் அந்தாண்ட மிக்ஸி ஓடினா இந்தச் செவுரு அதிரும். அவங்க என்ன அரைக்கறாங்கன்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். பாப்பா சொல்லும், "அம்மா, இன்னைக்கு அவங்க வீட்டுல தேங்காச் சட்னி."

பேசினா அவங்களுக்கும் கேக்கும். அதையும் சொல்லிடறேன். காலையில பாப்பா குறள் மனப்பாடம் பண்ணும், சத்தமாத்தான் பண்ணும். சாவித்திரி அக்கா வந்தாங்க. "ஓனரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவரு நைட் டூட்டி பார்த்துட்டு வந்து அப்பத்தான் படுக்கறாரு. உங்க பாப்பா அகர முதலங்குது. நாங்க வாடகை குடுத்துல்ல இருக்கோம்?"னாங்க. நான் என்னக்கா பேச முடியும்? அவங்க வாடகை குடுக்கறாங்க. நான் குடுக்கறேனா? அதுலேருந்து பாப்பாவைத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் மேடையில உக்கார வெச்சுப் படிக்கச் சொல்றேன். அங்க கத்தினா சாமி ஒண்ணும் சொல்லாது.

பக்கத்துலயா? பக்கத்து ரூமும் இதே அளவுதான். மொதல்ல ரெண்டும் எங்ககிட்டதான் இருந்துச்சு, அதுல சமையல், இதுல படுக்கை. மேல்வீட்டு பேங்க்காரருக்குச் சாமான் வெக்க எடம் பத்தலை. பெரியவர்கிட்ட கேட்டிருக்காரு. பெரியவரு சரின்னுட்டாரு. இப்ப அதுல ஒரு பழைய கட்டிலும் ஓடாத சைக்கிளும் இருக்கு. நாங்க அடுப்பையும் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டோம். பாப்பா கேக்குது, "ஏம்மா, அந்தக் கட்டிலுக்கு ஒரு ரூமு, நம்ம ரெண்டு பேருக்கு ஒரு ரூமா?" நான் சொன்னேன், "கட்டில் வாடகை குடுக்குதுடி."

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவாயில்லை. நானும் சிரிச்சேன்.

வாடகை எல்லாம் பெரியவர்கிட்டதான் போவும். மாடியைக் கட்டக் கடன் வாங்கினதை அவர்தான் பார்த்துக்கறாரு. எனக்குச் செலவுக்கு வேணும்னா கேட்டா அனுப்புவாரு. நான்தான் கேக்கறதில்லை. இந்த ஹூக் வெக்கிறது, சேலைக்கு ஓரம் அடிக்கிறது, அதுலயே பாப்பா நோட்டு, பால், காய் எல்லாம் ஓடிடுது. நம்ம கையில ஒண்ணு இருக்கறப்போ அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?

ஆனா ஓனர்னா சும்மா இல்லக்கா. யாழினி அப்பா எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. வாட்ஸப்புல பேசிப் பேசி அனுப்புவாங்க. வக்கீலுக்கு விடாதே, போலீஸ்காரனுக்கு விடாதே, ரெண்டு பேரும் காலி பண்ண மாட்டாங்க. பதினோரு மாசத்துக்கு மேல எழுதிக் குடுக்காதே. ஆதார் கார்டு வாங்கி வெச்சுக்க. ஆணி அடிக்க விடாதே. எத்தனை பேருன்னு கேளு, ரெண்டுன்னு சொல்லிட்டு ஆறு பேர் வருவாங்க. சொந்தக்காரனுக்கு விடவே விடாதே. அப்புறம் முக்கியமா, தனியா இருக்கற பொம்பளைக்கு விடாதே, நாளைக்கு நம்ம பேரு கெடும். இது பெரியவரும் சொல்லியிருக்காரு, அடிச்சுச் சொல்லியிருக்காரு. எனக்கு எல்லாம் மனப்பாடம். படிச்சு மனசுல ஏத்திக்கறதுதான் வராது, காதால கேட்டா மறக்க மாட்டேன்.

ஏற்கெனவே ஆள் வந்துச்சான்னா, வந்துச்சு. நெறைய வந்துச்சு. யாரையும் நான் வேணாங்கலை. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி வந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "பூச்சி வருமா?"ன்னு. பூரான் வரும்னேன். எவ்வளவு நீளம்னு கேட்டுச்சு. நான் கையை விரிச்சுக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாவே விரிஞ்சுடுச்சு போல. ரெண்டும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடிப் போச்சு. ஒரு ரிட்டயர்டு ஐயா வந்தாரு, வாஸ்து பார்த்தாரு, கதவு எந்தத் திசைன்னு கேட்டாரு. "திசையெல்லாம் தெரியாதுங்கய்யா, ஆனா நாங்க இந்த ரூமுக்கு வந்தப்புறம்தான் என் மாமியாருக்கு இடுப்பு உடைஞ்சுது"ன்னேன். உண்மைதானே, அப்புறம்தானே உடைஞ்சுது? அவரு செருப்பைப் போட்டுக்கிட்டே "நாராயணா"ன்னுட்டுப் போயிட்டாரு. பெரியவருக்குக் கோவம். "ஏம்மா, வர்றவன் எல்லாம் ஏன் திரும்பிப் போறான்? அந்த ரூம்ல பேயா குடியிருக்கு?"ன்னாரு. "இல்ல மாமா, நாங்கதான் இருக்கோம்"னேன்.

நாளன்னைக்கு ஆடி பொறக்குதுக்கா. அதான் சொல்றேன், உங்களுக்கு அவசரம் இல்லைன்னா ஆவணியில வாங்களேன். நல்ல மாசம். ஆவணிக்குள்ள பாப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சையும் கிட்ட வந்துடும். பரீட்சை நேரத்துல பள்ளிக்கூடம் மாத்தக் கூடாதுன்னு அந்த டீச்சர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், யாழினி அப்பா கேட்டுக்குவாங்க, டீச்சருங்க மேல அவங்களுக்கு மரியாதை. அப்படியே அரைப்பரீட்சை வரைக்கும் ஓடிடும். ஆவணியிலயும் இதே ரூமுதான் இருக்கப் போவுது, எங்க போயிடும்?

நாளைக்கேவா?

நாளைக்கே வர்றேங்கறீங்களா? ஆடிக்கு முன்னாடியேவா? ஓதம் அடிக்கும்னு சொன்னேனேக்கா. வயசானவங்களை வெச்சுக்கிட்டு ஓதத்துல எப்படி? உங்கம்மாவுக்கு மாடி ஏற முடியலை, முட்டி வலி, அதனால தரையோட ஒரு ரூம் வேணும், வேற எதுவா இருந்தாலும் சரியா? ஓதத்துக்குத் தார்ப்பாய் போட்டுக்குவீங்களா? பாத்ரூம்ல குனிஞ்சு... அவங்க ஏற்கெனவே குனிஞ்சுதான் நடக்கறாங்களா.

எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க.

சரிக்கா. வீட்டுல அவரு... உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேக்கவே இல்லையே நான். நீங்க ஜவுளிக் கடையில சேலைப் பக்கம் நிக்கறீங்கன்னு சொன்னீங்க. அவரு?

ஓ.

எத்தனை வருசமாக்கா?

பிரிஞ்சுட்டீங்களா, இல்ல அவரா... சரி சரி, சொல்ல வேணாம். நான் எதுக்குக் கேக்கறேன். எனக்கு என்ன வந்துச்சு.

அய்யய்யோ, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா நீங்க. உங்களுக்கும் நேரம் மிச்சம். நான் இல்லைங்கலை. எனக்கு உங்களைப் பார்த்தாலே தெரியுது, நல்ல மனுசின்னு. ஆனா இது பெரியவரோட சட்டம். தனியா இருக்கற பொம்பளைக்குன்னா அவரு தலைகீழா நின்னாலும் ஒத்துக்க மாட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் அதே சட்டம்தான். யாழினி அப்பா இல்லாத வீடுன்னு நான் சாயங்காலத்துக்கு மேல கேட்டுக்கு வெளிய நிக்கறதில்லை. கடைக்குப் போனாலும் பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன். கேஸ் சிலிண்டர்காரன் வந்தா சாவித்திரி அக்காவைக் கூட நிக்கச் சொல்லுவேன். டெய்லர் கடைக்காரரு வாசல்லயே வாங்கிட்டுப் போயிடுவாரு. பேரு முக்கியம்ல. 

எழுந்திரிக்காதீங்க. இருங்க. அப்படியே போனா எம்மேலதான் வருத்தம் இருக்கும். உங்க முன்னாடியே பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். அவரே இல்லைன்னு சொல்லிட்டா உங்களுக்கும் மனசு ஆறிடும். பாப்பா இந்தப் போன்ல எதையோ அமுக்கி வெச்சிருக்கு, எனக்கு மாத்தத் தெரியலை, ஊருக்கே கேக்குற மாதிரிதான் பேசும். பரவாயில்லை, நீங்களும் கேளுங்க.

மாமா, நான்தான். ஆமா மாமா, சாப்ட்டாச்சு. அத்தை எப்படி இருக்காங்க? சரி மாமா. ஆள் வந்திருக்காங்க மாமா, ரூமுக்கு. ஆமா, நாளைக்கே வர்றேங்கறாங்க. அவங்களும் அவங்க அம்மாவும். இல்ல மாமா, வீட்டுக்காரர் இல்ல. இல்லைன்னா, இல்ல மாமா, தனியாத்தான் இருக்காங்க. அதான் நீங்க கண்டிசனாச் சொல்லியிருக்கீங்கல்ல, விடக் கூடாதுன்னு. நான் இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சுடறேன் மாமா, சும்மா உங்க காதுல போட்டு வெக்கலாம்னுதான்...

என்னது மாமா?

சரி மாமா.

சரி மாமா.

கேக்கறேன் மாமா. சரி.

...

கேட்டுச்சாக்கா உங்களுக்கு?

கேக்காம எப்படி இருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். "தனியா இருக்கறவளுக்கு எவன் வீடு குடுக்கறான்? ஐநூறு கூடக் கேளு, வாயை மூடிக்கிட்டுக் குடுப்பா." அப்படியேதான் சொன்னாரு. நான் ஒண்ணும் சேர்த்துச் சொல்லலை. "அப்ப நாளைக்குச் சாயங்காலம் வண்டி அனுப்பறேன், சாமானைக் கட்டி வை"ன்னும் சொன்னாரு. அதுவும் கேட்டிருக்கும்.

கோவிச்சுக்காதீங்கக்கா. அவரு கெட்டவர் இல்ல. படபடன்னு பேசிடுவாரு. தண்ணி குடிக்கறீங்களா? பானைத் தண்ணி, ஜில்லுன்னு இருக்கும்.

பழகிப்போச்சாக்கா? இதெல்லாமா பழகும்?

இல்ல, நான் ஒண்ணு யோசிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. பேரு கெடும், பேரு கெடும்னு சொன்னாங்கல்ல. நான் அது ஏதோ... எப்படிச் சொல்றது. அது பெரிய விசயம்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன். அதுக்காக நான் வாசல்ல நிக்காம, மொட்டை மாடிக்குப் போகாம, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழான்னாங்க, சாயங்காலம் ஆயிடும்னு அதுக்கும் போகாம, அது ஆடினதைக்கூடப் பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்லதான் பார்த்தேன். ஐநூறு கூடக் குடுத்தாச் சரியாப் போயிடுமா அது? அவ்வளவுதானா? அப்படின்னா எனக்கு யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல. நான் ஹூக் வெச்சாவது குடுத்திருப்பேனே.

ச்சே, ஊசி குத்திடுச்சு. ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை.

கூட ஐநூறெல்லாம் நான் கேக்க மாட்டேன். போர்டுல என்ன எழுதியிருக்கோ அதான். நான் ஓனரு, அதைச் சொல்றதுக்காச்சும் எனக்கு உரிமை இருக்கும்ல. அவருகிட்ட நீங்க பேரம் பேசினீங்கன்னு சொல்லிக்கறேன்.

நாளைக்கு வாங்கக்கா. சாயங்காலத்துக்குள்ள துடைச்சு வெச்சுடறேன். பால் காய்ச்ச சின்னச் சட்டி இல்லைன்னா எங்கிட்ட இருக்கு. அம்மாவை இந்தச் செவுத்தோரம் படுக்க வெக்காதீங்க, அந்த மூலை காய்ஞ்ச மூலை, பாப்பாவை அங்கதான் போடுவேன். ஓதமும் நான் சொன்ன அளவுக்கு இல்ல. பூரானும் ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. இத்தினூண்டுதான் இருந்துச்சு.

போறீங்களா? கடைக்கு நேரமாச்சா?

அக்கா, ஒரு நிமிசம். கேட்டு வரைக்கும் வர்றேன், இருங்க. இங்க வேணாம், செவுத்துக்கு அந்தாண்ட கேக்கும். இப்படி மரத்துப் பக்கம் வாங்க.

நீங்க இப்ப காலி பண்றீங்களே ஒரு மாடி ரூமு. அது எந்தப் பக்கம்? மார்க்கெட்டுக்குப் பின்னாடிச் சந்தா? அங்கேருந்து பள்ளிக்கூடம் நடக்கற தூரம்தானேக்கா? எனக்கு மாடி ஏறுறது ஒண்ணும் கஷ்டமில்லை, பாப்பாவும் ஏறிடும். அது யாருக்காச்சும் பேசி விட்டுட்டாங்களா? எவ்வளவு சொல்லுவாங்க? இல்ல, பயப்படாதீங்க, எங்கிட்ட கொஞ்சம் இருக்கு, டெய்லர் கடைக்காரரு ரெண்டு கடை வேலை தர்றேன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு, நான்தான் எடமில்லைன்னு வாங்காம இருந்தேன். மாமியாரைப் பார்க்க மாட்டேன்னு இல்லக்கா, சனி ஞாயிறு பஸ் ஏறிப் போய் எல்லாம் பண்ணிட்டு வந்துடுவேன். யாழினி அப்பாகிட்ட... சொல்லிக்கலாம். சொல்லாம எங்க போவப் போறேன். அங்க குடி போயிட்டுச் சொல்லிக்கலாம். வண்டி வந்தா வரட்டும், சாமான் இல்லைன்னா சும்மாத்தானே திரும்பிப் போவும்.

அந்த ஓனர் எப்படி? பிள்ளை சத்தம் போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? காலையில கொஞ்சம் சத்தமாப் படிக்கும், அவ்வளவுதான்.

நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா அவங்ககிட்ட. எனக்குப் போய்ப் பேச வராது, வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துடுவேன். அம்மாவும் பொண்ணும் ரெண்டே பேருதான், அமைதியான ஆளுங்க, வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லுங்க, அது பொய்யில்லை. தையல் வேலைன்னு சொல்லுங்க. ஆதார் கார்டு இருக்கு.

எனக்குச் சொந்த வீடு இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. அது தெரிஞ்சா யாரும் ரூம் தர மாட்டாங்க.